ரைடில் விதியை மீறுகிறவர்களை எப்படிச் சமாளிப்பது?

தக்கலைப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் நண்பரின் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றில் ரைடு ஆபரேட்டராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. உயரம் போதாத பிள்ளையை ஏற்றச் சொல்லித் தகப்பன்மார் சண்டைக்கு வருகிறார்கள். கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட்டு வரச் சொன்னால் ‘உனக்கு எவ்வளவு சம்பளம்’ என்று கேட்கிறார்கள். சூப்பர்வைசரோ ‘அட்ஜஸ்ட் பண்ணி அனுப்பு’ என்கிறார். இப்படிப்பட்டவர்களிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். பேசும் முறையைக் கேட்டிருந்தாலும், எந்த இடத்தில் வளைந்து கொடுக்கலாம், எந்த இடத்தில் வேலையே போனாலும் வளையக் கூடாது என்பதுதான் உங்கள் உண்மையான சங்கடம் என்று எனக்குப் படுகிறது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் கோணம் ஐடிஐயில் ஃபிட்டர் படித்தவன். குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் நீர் விளையாட்டுகள், சுழலும் ரைடுகள், கோ-கார்ட் என்று 18 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதில் கடைசி ஆறு ஆண்டுகள் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். பெரிய ரோலர் கோஸ்டர் எதிலும் நான் நின்றதில்லை. அதனால் அதைப்பற்றி இங்கே எதுவும் சொல்லப்போவதில்லை. சட்டம் குறித்துச் சொல்லும் இடத்தில், ஒரு தொழிலாளி தன்னைக் காத்துக்கொள்ளத் தெரிந்துவைத்திருக்கும் அளவுக்குத்தான் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பலகையில் எழுதியிருக்கும் விதிகள் எல்லாம் ஒரே எழுத்தில் இருந்தாலும் ஒரே பிறப்பு உடையவை அல்ல. சில விதிகளை இயந்திரம் போட்டிருக்கிறது. சிலவற்றை நிர்வாகம் போட்டிருக்கிறது. வெளியிலிருந்து தின்பண்டம் கொண்டுவரக் கூடாது என்பது நிர்வாகத்தின் விதி. ஒரு பாட்டி மடியில் முறுக்குப் பொட்டலத்தோடு உள்ளே வந்துவிட்டால் உலகம் இடிந்துவிடாது, அதற்காக நீங்கள் தொண்டை வறளக் கத்தவும் வேண்டாம். உயர அளவு அப்படியில்லை. அது வயதையோ தைரியத்தையோ பார்த்து வைத்த கோடு அன்று. மடிக்கம்பி இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும், தோள்பட்டைக் கவசம் தோளைத் தொட வேண்டும், முதுகு பின்பலகையில் சாய்ந்திருக்கும்போது கால் கீழே ஊன்ற வேண்டும். இந்த மூன்றும் எந்த உயரத்தில் பொருந்துமோ அங்கே கோடு போடுகிறார்கள். அதற்குக் குறைந்த பிள்ளைக்குக் கம்பி வயிற்றின் மேல் வந்து நிற்கும். ரைடு சட்டென்று திரும்பும்போது பிள்ளை கம்பிக்கு அடியில் வழுக்கி இறங்கும். ‘என் மகன் பயப்பட மாட்டான்’ என்று சொல்லும் தகப்பனார் பொய் சொல்லவில்லை. பிள்ளையின் தைரியம் கம்பிக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல். உங்கள் ரைடின் ஒவ்வொரு விதிக்கும் இந்த மாதிரி ஒரு காரணம் உண்டா என்று மெயின்டனன்ஸில் இருக்கும் மூத்தவரிடம் கேளுங்கள். காரணம் சொல்ல முடிகிற விதிகளில் ஒரு அங்குலமும் நகராதீர்கள். காரணம் சொல்ல முடியாதவற்றை அவற்றைப் போட்டவர்களே காக்கட்டும்.

அடுத்ததாக, உங்கள் கையில் இருக்கும் அதிகாரம் எங்கே முடிகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். எமர்ஜென்சி ஸ்டாப் இருக்கிறதே, தப்பு நடந்தால் நிறுத்திக்கொள்ளலாம் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். ஊஞ்சல் போல ஆடும் ரைடில் மின்சாரத்தை வெட்டினாலும் அது தன் வேகம் அடங்கும் வரை ஆடிக்கொண்டுதான் இருக்கும். வேறு சிலவற்றில் திடீரென்று பிடித்து நிறுத்தினால் அந்தக் குலுக்கலே ஆளை அடிக்கும். நீர்ச் சறுக்குக்கு பிரேக்கே கிடையாது. ஒருவரை மேலேயிருந்து விட்டுவிட்டால் கீழே குளத்தில் விழுகிற வரை அவர் உங்களுக்கும் கட்டுப்பட்டவர் அல்லர், தனக்கும் கட்டுப்பட்டவர் அல்லர். போதாக்குறைக்கு, நனைந்த சறுக்கில் கனமான ஆள் பொதுவாக வேகமாக இறங்குவார். ஒல்லியான பிள்ளை முன்னே போய், 90 கிலோ மாமா பத்து விநாடி கழித்துப் பின்னே போனால் வளைவில் இரண்டு பேரும் சந்திப்பார்கள். கீழே இருக்கும் ஆள் குளம் காலி என்று கை காட்டிய பிறகுதான் அடுத்தவரை விட வேண்டும் என்பது இதற்காகவே. ஆக, பொத்தானை அழுத்தும் வரை, அல்லது ‘போங்க’ என்று சொல்லும் வரைதான் நீங்கள் ஆபரேட்டர். அதற்குப் பிறகு நீங்களும் ஒரு பார்வையாளர்தான்.

இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், ஓணம் விடுமுறைக் கூட்டத்தில், ஒரு தகப்பனார் நாலு வயது மகனை மடியில் வைத்துக்கொண்டு சறுக்கில் போக வேண்டும் என்று நின்றார். தனியாக விட்டால்தானே ஆபத்து, நான் பிடித்துக்கொள்கிறேனே என்றார். கேட்க நியாயமாகவே இருந்தது. வரிசையில் பின்னால் நின்றவர்களும் ‘விடப்பா’ என்றார்கள். நான் விட்டேன். இரண்டாவது வளைவில் பிள்ளையின் பாதம் பக்கச் சுவரில் ஒட்டி நின்றுவிட்டது. தகப்பனாரின் கனம் முழுவதும் பிள்ளையைத் தள்ளிக்கொண்டு முன்னே போனது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. தனியாகச் சறுக்கும் பிள்ளைக்குக் கால் மாட்டினால் அந்தச் சிறு உடம்பு நின்றுவிடும். மடியில் இருக்கும் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு இல்லை. பூங்காச் சறுக்குமரத்தில்கூடச் சிறு பிள்ளைகளின் கால் இப்படித்தான் முறிகிறது என்று எலும்பு மருத்துவர் எங்களிடம் சொன்னார். அந்தத் தகப்பனார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

உங்கள் சூப்பர்வைசர் சொல்லும் ‘அட்ஜஸ்ட்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். 2022 மார்ச்சில் அமெரிக்காவின் ஒர்லாண்டோ நகரில், உயரக் கோபுரத்திலிருந்து கீழே விழச்செய்யும் ரைடில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கையிலிருந்து நழுவி விழுந்து இறந்தான். அந்த ரைடுக்கு வைத்திருந்த எடை வரம்பைவிட அவன் கனமானவன். அவன் உட்கார்ந்த இருக்கையின் சென்சாரை, கவசம் முழுவதும் மூடாவிட்டாலும் மூடியதாகக் காட்டும்படி யாரோ கையால் மாற்றி வைத்திருந்ததை விசாரணையில் கண்டுபிடித்தார்கள். பெரிய உடம்புக்காரர்கள் ஏமாந்து திரும்பக் கூடாது என்று செய்த வசதி போலத்தான் அது தெரிகிறது. விருந்தினர் விதியை மீறினார் என்று நாம் சொல்லும் நிகழ்ச்சிகளில் பாதிக்கு மேல் இப்படி நம் பக்கத்திலிருந்து ஒரு கை கொடுத்த பிறகுதான் நடக்கின்றன என்பது என் அனுபவக் கணிப்பு, கணக்கெடுத்துச் சொல்லவில்லை. அதே நேரம் எல்லாப் பழியையும் விருந்தினர் தலையிலும் ஆபரேட்டர் தலையிலும் போட்டுவிடவும் கூடாது. 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியா ஏரிப் பூங்காவில் ரைடு முறிந்து விழுந்து 2 பேர் இறந்தபோது அதில் உட்கார்ந்திருந்தவர்கள் எந்த விதியையும் மீறவில்லை. காலையில் ட்ரையல் ரன் போடும்போது சத்தம் மாறியிருந்தால் லாக் புக்கில் எழுதுவதும், எழுதியதைச் சரிபார்க்காமல் ரைடைத் திறக்க மாட்டேன் என்பதும், குறும்புக்காரப் பையனை இறக்கி விடுவதைவிடப் பெரிய வேலை.

பொத்தானுக்கு முன்னால்தான் அதிகாரம் என்றால், அதைவிடவும் முன்னால், வரிசையின் வாலிலேயே அதைப் பயன்படுத்திவிடுவது நல்லது. நாற்பது நிமிடம் வெயிலில் நின்று, தங்கைக்கு முன்னால் வீரம் பேசி, கேட்டுக்கு வந்த பிறகு ஒரு பையனிடம் ‘உனக்கு உயரம் போதாது’ என்று சொன்னால், அழுகிறவன் அவன்தான் என்றாலும் சண்டைக்கு வருகிறவர் தகப்பனார். வரிசைக்குள் நுழையும் இடத்திலேயே அளவுகோலை வைத்து, செருப்பைக் கழற்றி, குதிகால் சுவரில் ஒட்டியிருக்கப் பார்த்து அனுப்பினால் பாதிச் சண்டை பிறக்கவே பிறக்காது. விவேகானந்தர் பாறைக்குப் படகேறுகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். படகில் கால் வைக்கும் முன்பே லைஃப் ஜாக்கெட்டை எடுத்துக்கொள்ள வேண்டியிருப்பதால் அங்கே யாரும் விவாதம் செய்வதில்லை. ஆனால் எடுத்ததைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாரைப் பூட்டாமல் உட்கார்ந்திருப்பவர்களையும் அங்கேயே பார்க்கலாம். ஒரு பொருளைக் கையில் கொடுப்பது ஒன்று, அது சரியாக மாட்டப்பட்டிருக்கிறதா என்று கையால் இழுத்துப் பார்ப்பது வேறொன்று. பலகையை மட்டும் நம்புவது இன்னும் கீழே. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தது நம் மாவட்டத்தில் யாருக்கும் மறந்திருக்காது. கள்ளக்கடல், அதாவது திடீரென்று பொங்கி வரும் பேரலை குறித்த எச்சரிக்கை அதற்கு முன்பே விடுக்கப்பட்டிருந்தது. படித்த பிள்ளைகளுக்கும் எச்சரிக்கை என்பது ஒரு ஆள் முன்னே வந்து நின்று சொல்லும்போதுதான் எச்சரிக்கையாகிறது.

உயரத்தைப்பற்றி ஒரு வேடிக்கையும் உண்டு. பல பூங்காக்களில் பிள்ளைகளுக்கான டிக்கெட்டும் உயரத்தை வைத்துத்தான். காலையில் கவுன்டரில் முழங்காலை மடக்கி நிற்கப் பழக்கப்பட்ட அதே பிள்ளை, பதினோரு மணிக்கு ரைடின் முன்னால் நுனிக்காலில் நிற்கும். இரண்டு மணி நேரத்தில் ஆறு சென்டிமீட்டர் வளர்ந்த பிள்ளைகளை நான் ஏராளம் பார்த்திருக்கிறேன். இதை அந்தத் தகப்பனாரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஏனென்றால் மீறுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் முரடர்கள் அல்லர், வெட்கப்பட்டவர்கள். மனைவி மக்கள் முன்னால், கூட வந்த மச்சினன் முன்னால், ஒரு சீருடைப் பையன் ‘கூடாது’ என்று சொல்கிறான். டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு வேறு நினைவில் இருக்கிறது. அந்த நேரத்தில் ‘ரூல்ஸ் சார்’ என்று சொன்னால் அது எரிகிற நெருப்பில் எண்ணெய். நான் பயிற்சி கொடுத்தவர்களுக்குச் சொன்னது இது: முதலில் குரலைத் தாழ்த்துங்கள், தகப்பனாரை இரண்டடி தள்ளி அழைத்துப் பேசுங்கள், பிள்ளையைத் தொடாதீர்கள், கம்பியைத் தொட்டுக் காட்டுங்கள். ‘அண்ணே, பிள்ளைக்க பொக்கம் பத்தாது, இந்தக் கம்பி அவன் இடுப்புல நிக்காம வயித்துல வந்து நிக்கும், பாருங்க’ என்று சொன்னால் முடிவைச் சொல்வது கம்பியாகிவிடுகிறது. உங்களிடம் தோற்றதாக அவருக்கு இராது. அதோடு, அந்தப் பிள்ளை எந்த ரைடில் ஏறலாம் என்பதையும் கையோடு சொல்லிவிட வேண்டும். ‘இல்லை’ என்பதோடு நிறுத்திவிடுகிறவனிடம்தான் ஆள்கள் மல்லுக்கு நிற்கிறார்கள். வயதான பெண்களை ‘அம்மா’ என்பதும், பிள்ளைகளை நம் ஊர் வழக்கப்படி ‘மக்களே’ என்பதும் பத்து விதிகளுக்குச் சமம். கேரளத்திலிருந்து வருகிறவர்களிடம் மலையாளத்திலேயே சொல்லுங்கள். அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை.

நம் மாவட்டத்தில் இன்னொரு தொல்லை இருக்கிறது. வெளியூர்ப் பூங்காக்களில் நான் இதை இந்த அளவுக்குப் பார்த்ததில்லை. இரணியலிலிருந்து வருகிறவர் உங்கள் அக்காளின் நாத்தனார் வீட்டுக்காரராக இருப்பார். குளச்சலிலிருந்து வருகிறவர் உங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவராக இருப்பார். ‘நீ எந்த ஊருடே? யாருக்க மவன்?’ என்று கேட்டு முடிப்பதற்குள் ஏதோ ஒரு உறவு பிடிபட்டுவிடும். பிடிபட்டதும் விதி தளர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. உறவுக்காரர் வந்தால் நிர்வாக விதிகளில் என்ன சலுகை உண்டோ அதை நாலு பேருக்குத் தெரியச் செய்யுங்கள், இயந்திர விதியில் அவரை மற்றவர்களைவிடக் கண்டிப்பாக நடத்துங்கள் என்பதே என் வழக்கம். இதனால் ஒரு கல்யாணப் பத்திரிகை எனக்கு வராமல் போயிருக்கிறது.

உடையும் அணிகலனும் தனியாகப் பேச வேண்டியவை. சறுக்கில் ஜிப்பும் உலோகப் பொத்தானும் கூடாது என்பதற்குக் காரணம், அவை ஃபைபர் தளத்தில் கீறல் போடும். அந்தக் கீறல் அடுத்து வருகிறவரின் முதுகைக் கிழிக்கும். பருத்தி உடை நனைந்து கனத்துக் காலில் சுற்றும். அதன் நூல் ஃபில்டரை அடைக்கும். சாரத்தை (லுங்கியை) மடித்துக் கட்டிக்கொண்டு சறுக்கில் உட்காரும் அண்ணாச்சிக்கு என்ன ஆகும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. கோ-கார்ட்டில் துப்பட்டாவும் விரித்த கூந்தலும் வேடிக்கைக்குரியவை அல்ல. 2018-இல் ஹரியானாவின் பிஞ்சோரிலும் 2020-இல் ஐதராபாத்திலும் கூந்தல் சிக்கிப் பெண்கள் இறந்திருக்கிறார்கள். அங்கே கொண்டை போட்டு, தொப்பிக்குள் செருகி, துப்பட்டாவைக் கழற்றி வைத்த பிறகுதான் சாவி. ஆனால் தாலியையும் மாலையையும் அப்படிச் சொல்ல முடியாது. தாலியைக் கழற்றச் சொன்னால் அந்தக் குடும்பம் அன்று முழுவதும் உங்களை மன்னிக்காது, அது நியாயமும்தான். நீச்சலுடைக்குள் விட்டு மேலே கழுத்து மூடிய சட்டை போட்டுக்கொண்டால் மிதவை டியூபில் போகும் சறுக்குகளுக்கு அனுப்பலாம். கார்த்திகை பிறந்ததும் சபரிமலை போய்விட்டுக் குமரிக்கு வரும் சாமிமார் கூட்டத்தில், இன்னும் மாலையைக் கழற்றாதவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் மாலையைக் கழற்றிவிட்டு வாருங்கள் என்று ஒரு நாளும் சொல்லாதீர்கள். ‘சாமி, மாலையோட இந்தச் சறுக்கு வேண்டாம், கழுத்துல இறுக்கிரும், ஆழமில்லாத குளத்துல எவ்வளவு நேரம் வேணும்னாலும் இருங்க’ என்றால் அநேகமாக எல்லாரும் கேட்டுக்கொள்வார்கள்.

கடலோரத்துப் பையன்களின் கதை வேறு. முட்டத்திலும் கடியபட்டணத்திலும் பிறந்து அலையில் வளர்ந்தவனுக்கு உங்கள் அலைக்குளம் ஒரு அண்டாத் தண்ணீர். அவன் நீந்தத் தெரியாமல் விபத்துக்கு ஆளாவதில்லை. மூன்றடி ஆழத்தில் தலைகீழாகப் பாய்ந்து கழுத்தை முறித்துக்கொள்கிறான். ‘உனக்கு நீச்சல் தெரியுமா’ என்று அவனிடம் கேட்பது அவமானப்படுத்துவதாகும். ‘இங்க ஆழம் கெடையாது மக்கா, அடியில சிமென்ட்டு’ என்று சொன்னால் போதும். அவனைப் பார்த்துத் தண்ணீரே தெரியாத உள்நாட்டுப் பையன்கள் உள்ளே இறங்குவதுதான் உண்மையான ஆபத்து. தண்ணீரில் மூழ்குகிறவர் கையை வீசிக் கத்துவார் என்று நினைத்துக்கொண்டு நிற்காதீர்கள். பெரும்பாலும் சத்தமே வராது. வாய் தண்ணீர் மட்டத்துக்கு ஏறி இறங்கும், கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கும், 20 முதல் 60 விநாடிக்குள் ஆள் கீழே போய்விடுவார். உங்கள் பகுதியை 10 விநாடிக்குள் ஒருமுறை கண்ணால் துழாவ வேண்டும், கண்டதிலிருந்து 20 விநாடிக்குள் ஆளைத் தொட வேண்டும் என்று லைஃப் கார்டுகளுக்குச் சொல்லும் அளவு இதிலிருந்து வந்தது. விதியை மீறுகிற ஒருவனோடு ஐந்து நிமிடம் வாதாடும் லைஃப் கார்டு அந்த நேரத்தில் முப்பது முறை குளத்தைப் பார்க்கத் தவறுகிறார். வாதத்தை இன்னொருவரிடம் விட்டுவிட்டுக் கண்ணைத் தண்ணீரில் வைத்திருக்க வேண்டும்.

இவையெல்லாம் எனக்கு உறுதியானவை. குடித்துவிட்டு வருகிறவர்கள் விஷயத்தில் அந்த உறுதி இல்லை. வேனிலேயே குடித்துவிட்டு வருகிறார்கள். வாடையை வைத்துச் சொன்னால் ‘நீ பார்த்தாயா’ என்பார்கள். நான் சிலரைத் தவறாகவும் நிறுத்தியிருக்கிறேன், அதில் ஒருவர் சர்க்கரை குறைந்து தள்ளாடியவர். பிறகு நான் வாடையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, படியேறுவதையும் சொன்னதைத் திருப்பிச் செய்வதையும் பார்க்கத் தொடங்கினேன். சறுக்கில் போகும் முறைப்படி கையை மார்பில் கட்டி, கணுக்காலைப் பின்னிக் காட்டச் சொன்னால் முடியாதவர் எந்தக் காரணத்தால் முடியாதவரானாலும் சறுக்குக்கு ஆகாதவர். கர்ப்பம், இதயநோய் போன்றவற்றை நம்மால் பார்த்துச் சொல்லவும் முடியாது, கேட்கவும் கூடாது. வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் பொதுவாக உரக்கச் சொல்லிவிடுவதோடு நம் எல்லை முடிகிறது. கைப்பேசிக்கு மட்டும் தயக்கம் வேண்டாம்: 20 மீட்டர் உயரத்திலிருந்து நழுவும் கைப்பேசி கீழே நிற்பவர் தலையைத் தொடும்போது மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும்.

கை ஓங்குகிறவர்களிடமும் பெண்களைத் தொந்தரவு செய்கிறவர்களிடமும் பேச்சு முறை எதுவும் வேண்டாம். ரைடை நிறுத்தி வையுங்கள், செக்யூரிட்டியைக் கூப்பிடுங்கள், தேவைப்பட்டால் 100-ஐ அழையுங்கள். தனியாக இறங்கிப் போய்ப் பிடிக்காதீர்கள்.

சூப்பர்வைசரிடம் என்ன செய்வது என்பதுதான் மிச்சம். கவனக்குறைவால் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு பாயும். பழைய 304ஏ பிரிவில் 2 ஆண்டாக இருந்த அதிகபட்சச் சிறை 2024 ஜூலை முதல் 5 ஆண்டு. மற்றவர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பதற்கு 125-ஆம் பிரிவு இருக்கிறது. பொத்தானை அழுத்திய விரல் யாருடையது என்பதே முதலில் கேட்கப்படும். ‘அட்ஜஸ்ட் பண்ணச் சொன்னார்’ என்பதற்குச் சாட்சி இருக்காது. ஆகவே வாய்ச்சொல்லை எழுத்தாக்குங்கள். ‘இந்தப் பிள்ளையின் உயரம் இவ்வளவு, ஏற்றச் சொல்கிறீர்கள், லாக் புக்கில் நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் சார்’ என்று மரியாதையாகக் கேளுங்கள். 18 ஆண்டுகளில் நான் அப்படிக் கேட்ட ஒருவரும் கையெழுத்துப் போட்டதில்லை. இரண்டு பேர் என்னை வேறு ரைடுக்கு மாற்றினார்கள். ஒருமுறை வேலையை விட நேர்ந்தது. வீட்டு நிலைமை எல்லோருக்கும் ஒன்றல்ல என்பதால் நீங்களும் விடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ரைடை மாற்றிக் கேட்பதற்கு யாருக்கும் தடை இல்லை.

இதைப் படித்த மறுநாள் காலை, ட்ரையல் ரன் தொடங்கும் முன், ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் உங்கள் ரைடின் உயரக் கோட்டைத் தரையிலிருந்து அளந்து பாருங்கள். நான் பொறுப்பில் இருந்த ஓரிடத்தில், வரிசை நிற்கும் தரைக்குப் புது டைல்ஸ் போட்டு மட்டம் உயர்ந்துவிட்டது. சுவரில் இருந்த கோடு பழைய இடத்திலேயே நின்றது. மூன்று சென்டிமீட்டர் குறைந்த பிள்ளைகளை இரண்டு மாதம் நாங்கள் விதிப்படியே ஏற்றிக்கொண்டிருந்தோம். அதைக் கண்டுபிடித்தது அங்கே கூட்டிப் பெருக்க வரும் அக்காள்.